எந்த லினக்ஸ் நமக்கு ஏற்றது?



நம்ம பக்கம் பல வீடுகளில் அலமாரிக்கு மேலே பழைய லேப்டாப் ஒன்று தூசி பிடித்துக் கிடக்கும். அண்ணனோ அக்காவோ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுபோனது. விண்டோஸ் 11 போடலாமென்றால் 4 ஜி.பி. ராம் வேண்டும், டி.பி.எம். 2.0 வேண்டும் என்கிறது. "புதுசு வாங்க ரூவாய்க்கு எங்க போவேன்?" என்று கேட்கும் மாணவனுக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. ஆனால் அடுத்த கேள்வி உடனே வரும்: எந்த லினக்ஸ்?

லினக்ஸ் என்பது உண்மையில் கெர்னல் என்னும் உட்கரு மட்டுமே. 1991-ல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளியிட்டார். அதோடு திரைத்தோற்றம், பிரௌசர், ஆபீஸ் மென்பொருள் எல்லாம் சேர்த்துக் கட்டித் தருவதுதான் 'டிஸ்ட்ரோ'. குளச்சலில் வாங்கிய மீன் ஒன்றுதான். ஒரு வீட்டில் புளிமுளம், இன்னொரு வீட்டில் பொரியல். அதுபோலத்தான் இதுவும்.

முக்கியமானவற்றை எடை போட்டுப் பார்ப்போம்.

டெபியன்: 1993-ல் தொடங்கியது. நிறுவனத்துக்குச் சொந்தமல்ல, தன்னார்வலர்கள் நடத்துவது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு. எளிதில் மக்கர் செய்யாது. ஆனால் உள்ளே இருக்கும் மென்பொருள் கொஞ்சம் பழசாக இருக்கும். உறுதி வேண்டுமென்றால் புதுமையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

உபுண்டு: 2004-ல் டெபியனை அடிப்படையாக வைத்து வந்தது. இதன் எல்.டி.எஸ். பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. எந்தச் சந்தேகத்தைத் தேடினாலும் இதற்குத்தான் பதில் அதிகம் கிடைக்கும். குறை என்னவென்றால், 4 ஜி.பி. ராமுக்குக் கீழே மூச்சு வாங்கும்.

லினக்ஸ் மின்ட்: உபுண்டு எல்.டி.எஸ். மேல் கட்டியது. விண்டோஸ் பழகிய கைக்கு ஸ்டார்ட் மெனு மாதிரியே இருக்கும். இதில் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்னும் இலகுவான திரைத்தோற்றமும் கிடைக்கிறது. குறைந்தபட்சம் 2 ஜி.பி. ராம் போதும் என்கிறார்கள். 4 இருந்தால் சுகம்.

ஃபெடோரா: ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவுதான். புதியதெல்லாம் முதலில் வரும். ஆனால் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பெரிய அப்டேட் செய்ய நெட் டேட்டா வேண்டும்.

ஆர்ச்: எல்லாவற்றையும் நாமே கட்டவேண்டும். கற்றுக்கொள்ள அருமை. மறுநாள் புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியவன் தொடக் கூடாது!

நம் நாட்டுத் தயாரிப்பும் உண்டு. சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கிய 'போஸ்' 2007-ல் வந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்காகவே செய்தது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு போஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

களியக்காவிளை தாண்டினால் கதை வேறு. கேரளப் பள்ளிகளில் கைட் அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்த லினக்ஸைத் தருகிறது. ஆசிரியருக்குப் பயிற்சி, பாடப்புத்தகம், தேர்வு எல்லாம் அதிலேயே. இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. எது உலகத்தில் சிறந்தது என்பதைவிட, பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு எது தெரியும் என்பதே முக்கியம். சிக்கல் வந்தால் ராத்திரி பத்து மணிக்குக் கேட்க ஆள் வேண்டுமல்லவா?

இனி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் ஆட்டோகேட், கோரல்டிரா, பேஜ்மேக்கர் ஆகியவற்றுக்கு இப்போது லினக்ஸ் பதிப்பு கிடையாது. மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் ஃப்ரீகேட், லிப்ரேகேட் பழகலாம். எலக்ட்ரானிக்ஸுக்கு கிகேட் இருக்கிறது. சி புரோகிராம் எழுத ஜி.சி.சி.யை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தேர்வு ஆட்டோகேடில்தான் என்றால் லேபில் அதையும் பழகியே தீரவேண்டும். மாசிக் கொடைக்கு நோட்டீஸ், ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் பகுதிநேர வேலை பார்ப்பவர்களும் விண்டோஸை முழுதாக விட முடியாது. தமிழ் டைப்பிங்குக்குக் கவலை வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை உபுண்டுவிலும் மின்டிலும் கிடைக்கிறது.

அப்படியானால் முடிவு?

2 முதல் 4 ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப் என்றால் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.ஈ. அல்லது டெபியன். 8 ஜி.பி. இருந்தால் உபுண்டு எல்.டி.எஸ். புதிய கருவி, புதிய மென்பொருள் வேண்டுவோர்க்கு ஃபெடோரா. 32 பிட் பிராசஸர் என்றால் கவனம்: 2025-ல் வந்த டெபியன் 13-ல் அதற்கான இன்ஸ்டாலர் கிடையாது.

போடுவதற்கு முன் மூன்று காரியம். முதலில் போட்டோ, சர்டிபிகேட், புராஜெக்ட் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். பார்ட்டிஷனில் ஒரு தப்பு பட்டன் அமுக்கினால் எல்லாம் போய்விடும். இரண்டாவது, பென்டிரைவிலிருந்தே 'லைவ்' ஆக ஓட்டி வைஃபை, சவுண்டு, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, பிடிக்கவில்லையென்றால் பென்டிரைவை உருவிவிட்டு அடுத்ததை முயலுங்கள். இதற்குக் காசு ஒன்றும் கிடையாது.

அலமாரியில் கிடப்பதை இன்றே இறக்குங்கள் நண்பர்களே. தூசி தட்டினால் இன்னும் சில ஆண்டு நமக்காக உழைக்கும்!