வாயில்லா உயிரின் வாய் நாற்றம்

முதிய நாயின் வாய் நாறினால், அது மூப்பின் இயல்பென்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. அதன் 42 பற்களில் படியும் அழுக்கு சில நாள்களில் காரையாக இறுகி, ஈறுகளைப் புண்ணாக்குகிறது. நாற்றத்திற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆயினும், மூச்சில் அம்மோனியா நெடி வீசினால் சிறுநீரக நோயையும், இனித்த பழவாடை வீசினால் முற்றிய நீரிழிவையும் ஐயுற்று, உடனே கால்நடை மருத்துவரை நாடுவோம். இதயமோ சிறுநீரகமோ நலிந்த நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துக் காரையை அகற்றுமுன் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. ஆதலின், முன்பிருந்த நோய்களை அவரிடம் மறவாது கூறுவோம்.

நாள்தோறும் நாய்க்குரிய பற்பசையால் மெல்லத் துலக்குவோம். நமது பற்பசை வேண்டா. சிலவற்றில் கலந்துள்ள சைலிட்டால் நாய்க்குக் கொடிய நஞ்சு. தன் நோவைச் சொல்லவியலாத உயிருக்காக நாமன்றோ பேசவேண்டும்?