தங்கத் தாது உருவாகும் விதமும் தங்கத் தேடலும்

நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் உள்ள குவார்ட்சு நாளங்களில் தங்கம் உண்டு. ஆஸ்திரேலியாவில் சுரங்க அதிகாரியாக இருந்த பிரஃப் ஸ்மித் 1880-இல் இதுபற்றி அறிக்கை அளித்ததும் லண்டனில் நிறுவனங்கள் பல முளைத்தன. பாறையை அரைத்தபோது மாதிரிகள் காட்டிய அளவு தங்கம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

மேற்பரப்பு மாதிரி எளிதில் ஏமாற்றும். மழைநீரும் காற்றும் பைரைட்டு போன்ற கந்தகக் கனிமங்களை அரித்துவிட, தங்கம் மட்டும் தங்கிச் செறிவாகிறது. கீழே போகப்போகத் தங்கத்தின் அளவு குறையலாம்.

ஆகவே தங்கம் எங்கே தெரிகிறது என்பதைவிட, அங்கே ஏன் படிந்தது என்பதே முக்கியமான கேள்வி. ஆழத்தில் புதைந்து சூடேறும் பாறைகளிலிருந்து கந்தகம் கலந்த வெந்நீர் வெளியேறுகிறது. கந்தகத்தோடு இணைந்து கரைந்த தங்கம், பாறைப் பிளவுகள் வழியே அந்நீருடன் மேலேறுகிறது. திடீரென அழுத்தம் குறைந்தாலோ, வழியிலுள்ள பாறையின் இரும்பு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டாலோ தங்கம் துணையிழந்து படிகிறது.

கோலாரில் இரண்டுக்கும் இடமிருந்தது. சுமார் 270 கோடி ஆண்டுப் பழமையான, இரும்பு மிகுந்த எரிமலைப் பாறைப் பட்டையை நீண்ட பிளவுகள் ஊடுருவுகின்றன. அங்கே 3 கி.மீ.க்கும் அதிக ஆழம்வரை தோண்டி, 2001 வரை தங்கம் எடுத்தார்கள். (சாம்பியன் நாளத்தைக் காட்டிக்கொடுத்தது கோட்பாடு அல்ல, முன்னோர் தோண்டிய பழங்குழிகளே.)

இன்று தேடுவோர் முதலில் இத்தகைய பட்டைகளையும் பிளவுகள் வளையும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கிறார்கள். பிறகு மண்ணில் தங்கத்தின் கூட்டாளியான ஆர்செனிக்கைச் சோதிக்கிறார்கள். செலவு மிகுந்த துளையிடல் அதற்குப் பின்னரே.