‘ஸ்டென்ட்’ வைக்கும்போதே மாரடைப்பு ஆபத்து: முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் மஞ்சள் நிறம்

இதய ரத்தக்குழாயில் அடைப்பா? பலூனை விட்டு விரித்து, ‘ஸ்டென்ட்’ எனப்படும் கம்பிவலையை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சிலருக்கு அந்த சிகிச்சையின்போதே மாரடைப்பு வந்துவிடுகிறது. யாருக்கு அந்த ஆபத்து அதிகம் என்று முன்பே காட்ட ஒரு ஒளிக்கதிர் கருவி இருக்கிறது.

கொழுப்பு செய்யும் வேலை

எல்லா அடைப்பும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு சுண்ணாம்பு படிந்து கல் மாதிரி இறுகி இருக்கும். சிலருக்கு உள்ளே கொழகொழவென கொழுப்பு சேர்ந்திருக்கும். பலூன் அழுத்தும்போது இந்த கொழுப்பு பிதுங்கி, துகள் துகளாக ரத்தத்தோடு போய் பொடிக்குழாய்களை அடைத்துவிடும். அங்கே ரத்தம் கிடைக்காமல் இதயத் தசை பாதிக்கப்படுகிறது.

ஆஞ்சியோகிராம் படத்தில் ரத்தம் போகும் வழி எவ்வளவு சுருங்கி இருக்கிறது என்றுதான் தெரியும். குழாயின் சுவருக்குள் இருக்கும் கொழுப்பு தெரியாது.

மஞ்சள் எச்சரிக்கை

இந்த கருவியில், மெல்லிய ஒயர் போன்ற குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு அகச்சிவப்பு ஒளியை பாய்ச்சுகிறார்கள். திரும்பி வரும் ஒளியை வைத்து, கொழுப்பு உள்ள இடத்தை மஞ்சளாகவும், மற்ற இடத்தை சிவப்பாகவும் கம்ப்யூட்டர் காட்டும். கொழுப்புக்கு ஏற்ப 0 முதல் 1000 வரை ‘மார்க்’ போடும். அமெரிக்காவில் 2008-ல் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 62 பேரிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. 500 மார்க்கும் அதற்கு மேலும் இருந்த 14 பேரில் 7 பேருக்கு சிகிச்சையை ஒட்டி மாரடைப்பு ஏற்பட்டது. அதற்கு கீழே இருந்த 48 பேரில் 2 பேருக்கு மட்டுமே வந்தது.

தடுக்க முடியுமா?

ஆபத்து தெரிந்தாலும் தடுப்பது சுலபமாக இல்லை. உடையும் துகள்களை பிடிக்க குழாய்க்குள் வடிகட்டி வைத்துப் பார்த்தார்கள். 31 பேரிடம் நடந்த அந்த சோதனையில் பலன் இல்லை என்று 2015-ல் தெரிந்தது.

ஆனால் ‘ஸ்டேடின்’ மாத்திரையை அதிக அளவில் கொடுத்தபோது சில வாரங்களிலேயே அடைப்பில் உள்ள கொழுப்பு குறைந்ததை, 2013-ல் வெளியான நியூயார்க் ஆய்வில் இதே கருவி காட்டியது.

இந்த சோதனை எல்லாருக்கும் செய்யப்படுவதில்லை. ஆனால் அது சொல்லும் பாடம் எல்லாருக்கும் பொருந்தும். ஸ்டென்ட் திறந்து வைப்பது ஒரு இடத்தைத்தான். மற்ற இடங்களில் உள்ள கொழுப்பு அப்படியேதான் இருக்கும். “நெஞ்சு வலி போயிடுச்சு, இனிமே மாத்திரை எதுக்கு?” என்று டாக்டரை கேட்காமல் நிறுத்தினால், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.