என் பேர் குப்புசாமி... சிரிக்காதீங்க!

கூரியர்காரரில் ஆரம்பித்து, 'லோன் வேணுமா சார்?' என்று போனில் கேட்கிற பெண் வரைக்கும், என் பேரைக் கேட்டதும் அரை விநாடி மௌனம் காப்பார்கள். சிரிப்பை விழுங்குகிற மௌனம் அது. எனக்குத் தெரியாதா? முப்பத்துச் சொச்சம் வருஷ சர்வீஸ்!

பி.காம். படிக்கும்போது அட்டெண்டன்ஸில் கணேஷ்குமார், கார்த்திக் எல்லாம் தாண்டி 'குப்புசாமி' என்றதும், கடைசி பெஞ்சிலிருந்து எவனாவது 'ஆஜர் எஜமான்!' என்பான். ஆபீசில் 'குப்ஸ்'. அதிலும், யாரோ எவரோ என்பதற்குக்கூட 'குப்பனும் சுப்பனும்' என்றுதானே சொல்கிறோம்!

போன வருஷம் பொறுமை போய்விட்டது. பேரை மாற்றி கெஜட்டில் போட விண்ணப்பமும் ரெடி. புதுப் பேர், கிஷோர். தாத்தா பேராச்சே, ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ஆரணி பக்கத்தில் இருக்கிற ஆயாவிடம் போனேன்.

ஆயா திட்டவில்லை. "உங்க தாத்தாவுக்கு முன்னாடி எத்தினி புள்ளைங்க தெரியுமா?" என்றாள். "மூணு. மூணும் வருஷம் திரும்பறதுக்குள்ள போயிடுச்சி."

நாலாவதாகத் தாத்தா பிறந்ததும், குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் கிடத்தினார்களாம். பக்கத்து வீட்டம்மா, 'யாரு பெத்த புள்ளையோ' என்று எடுத்துக்கொண்டு போக, பின்னாலேயே போன கொள்ளுப்பாட்டி ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். எமன் வந்து கேட்டால், 'இது நான் பெத்தது இல்லீங்க, குப்பையில கிடந்தது' என்று சொல்லிவிடலாம். எமனுக்கே ரெண்டாம் நம்பர் கணக்கு!

சின்ன வயசில் நம்மை அழவைக்க, 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்பார்களே... அது வெறும் கிண்டல் என்று நினைத்திருந்தேன். ஒரு காலத்தில் நிஜமாகவே வாங்கியிருக்கிறார்கள், சார்!

குப்பன், குப்பையா, குப்புராஜ், குப்பம்மாள், குப்பாயி எல்லாம் இந்த வம்சம்தான். பிச்சை, பிச்சைமுத்து, மண்ணாங்கட்டி எல்லாம் ஒன்றுவிட்ட சொந்தம். ஆந்திரப் பக்கம் பெண்ட்டையா என்று பேர் உண்டு. அங்கேயும் அதே குப்பைமேடுதான். வங்காளத்தில் 'அஞ்சு சோழிக்கு வாங்கினது' என்ற அர்த்தத்தில் பாஞ்ச்கோரி. எமனை ஏமாற்றுவதில் மாநில வித்தியாசமே இல்லை.

இன்னொன்று. டவுனில்தான் குப்பை என்றால் மூக்கைப் பொத்துகிறோம். கிராமத்தில் அது எரு. வண்டி வண்டியாக நிலத்துக்குக் குப்பை அடித்தால்தான் நெல்லு. (மேனேஜருக்கு இது புரியாது. அவருக்கு நெல் தெரியாது, அரிசிதான் தெரியும்.)

ஜாதி பார்த்த பேரும் இல்லை இது. மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரி பேரில் மயிலாப்பூரில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கோவையில் 1910-ல் லட்சுமி மில்லை ஆரம்பித்தவர் ஜி.குப்புசாமி நாயுடு. நாட்டுப்புறப் பாட்டுக்குப் புஷ்பவனம் குப்புசாமி. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினவர்களோடு இந்தப் பேர் மொரீஷியசுக்கும் போய், அங்கே 'கூப்பூசாமி' என்று குடும்பப் பேராகவே ஆகிவிட்டது.

அப்புறம் ஏன் இப்போது ஸ்கூலில் ஒரு குப்புசாமிகூட இல்லை? எல்லாரும் ஃபேஷனைத்தான் சொல்வார்கள். நான் கணக்குப் படித்தவன், வேறு கணக்குப் பார்த்தேன். 1971-ல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 28. தமிழ்நாட்டில் 13. ஆஸ்பத்திரிப் பிரசவமும், கர்ப்பிணிக்குப் போடுகிற டெட்டனஸ் ஊசியும், குழந்தைகளுக்கான தடுப்பூசியும் செய்த வேலை. பிள்ளைகள் பிழைக்க ஆரம்பித்ததும் எமனிடம் பொய் சொல்லவேண்டிய அவசியம் போய்விட்டது. எங்கள் வம்சம் அருகிப்போவதில் எனக்கு வருத்தம் இல்லை!

கெஜட் விண்ணப்பம் என்ன ஆச்சு என்கிறீர்களா? அதன் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதியாகிவிட்டது.

போன மாசம் எங்களுக்குப் பையன் பிறந்தான். மூணே கால் கிலோ. ஊசி அட்டவணையைக் கையில் கொடுத்துத்தான் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்தார்கள். பேர், வீட்டம்மா இஷ்டப்படி, ரித்விக். ஆயாவுக்கு அது வாயில் நுழையவில்லை.

பேர் வைக்கிற அன்றைக்கு ஒவ்வொருவராகக் குழந்தையின் காதில் மூணு தடவை பேரைச் சொன்னார்கள். ஆயாவின் முறை வந்தது. குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு, என்னவோ சொன்னாள்.

"என்ன ஆயா சொன்னே?"

"உனக்கு எதுக்குடா அது? போய் எல்லாருக்கும் இலை போடு" என்றாள்.