எல்லைச் சாலை – 9: கப்பலேறும் பிஞ்சு

ஓசூர் பக்கத்து மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணைக்கு வயது 200-ஐத் தாண்டிவிட்டது. 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக ஏற்படுத்திய பண்ணை அது. ஓசூரின் குளுமையும் மேய்ச்சல் நிலமும் கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்திருந்தன. குதிரைகள் போய் மாடுகள் வந்தன. கம்பெனி போய் சர்க்கார் வந்தது. எங்கோ இருக்கிறவர்களின் தேவைக்காக இந்த மண் உழைக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. இன்று தளி பக்கத்து ரோஜா பெங்களூரு விமான நிலையம் வழியே வெளிநாடு போகிறது. கிருஷ்ணகிரி மாங்கூழ் பீப்பாய்களில் சவுதிக்கும் ஏமனுக்கும் நெதர்லாந்துக்கும் போகிறது. ரோஜாவைப் பிறகு பார்க்கலாம். இந்த வாரம் சாப்பிடும் பொருள்கள்.

சின்ன உணவுத் தொழில்களுக்கு ஏற்றுமதி வழியாகக் கைகொடுக்க வேண்டும் என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் சொல்கின்றன, வங்கிகள் சொல்கின்றன, மாவட்ட ஆட்சியர் கூட்டங்களிலும் அதுதான் பேச்சு. நல்ல எண்ணம்தான். ஆனால் எந்தப் பொருளை, யார் கையில் இருந்து, யார் பணத்தில் கப்பலேற்றுகிறோம் என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் கரைந்துவிடுகின்றன. இந்த வட்டாரத்தில் விளையும் இரண்டு பொருள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்விகள் தாமாக எழுந்து நிற்கும்.

முதலாவது, கெர்கின். விரல் நீளம்கூட இல்லாத பிஞ்சு வெள்ளரி. வினிகரிலோ உப்பு நீரிலோ ஊறி, பீப்பாயில் அடைபட்டு, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் போய் அங்கே ரொட்டிக்கு நடுவே உட்காரும் காய். நம் சமையலில் அதற்கு இடமில்லை. 1990-களில் கர்நாடகத்தில் சிறிய அளவில் ஆரம்பித்த இந்தச் சாகுபடி தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பரவியது. 2020-21-ல் இந்தியா ஏற்றுமதி செய்த வெள்ளரியும் கெர்கினும் 2,23,515 டன். மதிப்பு ஏறக்குறைய 22.3 கோடி டாலர். உலகத் தேவையில் சுமார் 15 சதவீதம் இங்கிருந்து போகிறது. இதன் பின்னால் 65,000 ஏக்கரும் ஏறத்தாழ 90,000 சிறு, குறு விவசாயிகளும் இருப்பதாக மத்திய வணிக அமைச்சகம் அப்போது கணக்குச் சொன்னது. 90 நாள் பயிர். ஏக்கருக்கு நாலு டன், வரவு 80,000 ரூபாய், செலவு போகக் கையில் நிற்பது 40,000 ரூபாய் என்பது அதே கணக்கு.

மானாவாரியில் ராகியும் கொள்ளும் போட்டுப் பழகிய குடும்பத்துக்கு மூன்று மாதத்தில் 40,000 ரூபாய் பெரிய தொகை. விதையை ஏற்றுமதிக் கம்பெனி தருகிறது. உரமும் மருந்தும் கடனாகத் தருகிறது. கம்பெனியின் களப் பணியாளர் வாரம் தவறாமல் வந்து பார்க்கிறார். விலை முன்பே பேசி முடிவானது. கோயம்பேட்டுக்கு லோடு ஏற்றிவிட்டு இராத்திரி எல்லாம் விலைக்குக் காத்திருக்கும் தக்காளி விவசாயிக்கு இந்த நிம்மதி கிடைக்காது. இதையெல்லாம் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

இந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. கெர்கினில் பணம் பிஞ்சின் அளவில் இருக்கிறது. கிலோவுக்கு 160 காய்க்கு மேல் நிற்கும் பொடிப் பிஞ்சுக்கு நல்ல விலை. காய் பெருக்கப் பெருக்க விலை இறங்கும். ஒரு நாள் பறிக்காமல் விட்டால் மறுநாள் காலை அந்தக் காய் இரண்டு தரம் கீழே போயிருக்கும். அதனால் தினமும் பறிக்க வேண்டும். வீட்டில் கல்யாணம் என்றாலும் பறிக்க வேண்டும், காய்ச்சல் என்றாலும் பறிக்க வேண்டும். குனிந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள். கூலி ஆள் வைத்தால் கணக்கு இடிக்கும் என்பதால் வீட்டு ஆள்களே பறிக்கிறார்கள். மேலே சொன்ன 40,000 ரூபாயில் அவர்களுடைய கூலி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர் யாருமில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. கம்பெனி வண்டி வராவிட்டால் அந்தக் காயை வாங்க வேறு ஆள் கிடையாது. ஓசூர் உழவர் சந்தையில் கெர்கினைக் கொட்டினால் யார் வாங்குவார்கள்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது முதலில் 25 சதவீதம், மாதக் கடைசிக்குள் இன்னொரு 25 சதவீதம் என்று வரி ஏற்றியது. வாஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்துக்கு இங்கே கொடியில் தொங்கும் பிஞ்சு பதில் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளூரில் விலைபோகும் பொருளாக இருந்தால், வெளியூர் விலை சரியில்லாதபோது விவசாயி கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கலாம். கெர்கின்காரருக்கு அந்த முறுக்கு கிடையாது.

அப்படியானால் உள்ளூரிலும் வெளியூரிலும் விலைபோகும் பொருள் பாதுகாப்பானதா? இரண்டாவது பொருள், மாங்கூழ், இதற்கு எளிதில் ஆமாம் சொல்ல விடாது.

நாட்டிலேயே மாங்கூழ்த் தொழில் இரண்டு இடங்களில்தான் திரண்டு நிற்கிறது. ஒன்று ஆந்திராவின் சித்தூர், மற்றது நம் கிருஷ்ணகிரி. இரண்டுக்கும் முதுகெலும்பு பெங்களூரா மாங்காய். தோதாபுரி, கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். அல்போன்சாவும் கூழாகிறது, ஆனால் அளவில் பெங்களூராவின் பக்கத்தில் நிற்காது. பழத்தைப் பழுக்கவைத்து, கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பையில் அடைத்து, பீப்பாயில் இறக்குகிறார்கள். ஒரு பீப்பாய் 215 கிலோ அளவில் இருக்கும். 20 அடி கண்டெய்னரில் 80 பீப்பாய் ஏறும். ஒரு டன் கூழுக்கு ஏறத்தாழ இரண்டு டன் பழம் வேண்டும். ஆலை ஓடுவது வருஷத்தில் இரண்டு மூன்று மாதம். வங்கி வட்டி ஓடுவது பன்னிரண்டு மாதம்.

இந்தக் கூழை உள்ளூர்க் குளிர்பானக் கம்பெனிகளும் வாங்குகின்றன, அரபு நாடுகளும் வாங்குகின்றன. இரண்டு வாசல் இருந்தும் 2025 சீசனில் பெங்களூரா விலை கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாய்க்கு விழுந்தது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததிலிருந்து ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயண நாளும் கப்பல் வாடகையும் ஏறின. முந்தைய வருஷத்துக் கூழ் தேங்கி நின்றது. 2025 ஜூனில் சித்தூர் மாவட்டம் வெளிமாநில பெங்களூராவுக்குத் தன் எல்லையை மூடியது. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது விஷயம். ஆந்திராவில் ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று சேர்த்து 12 ரூபாய் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கர்நாடகத்துக்குக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று மத்திய அரசு சந்தைத் தலையீட்டு விலை அறிவித்தது. மூன்று மாநிலம் கூடும் இந்த மூலையில் ஒரே மாங்காய்க்கு ஊருக்கு ஒரு நியாயம்.

மாங்காய் மரத்தில் காத்திருக்காது. பீப்பாயில் கூழ் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் காத்திருக்கும். காயை வைத்திருப்பவர் அன்றைக்கே விற்றாக வேண்டும், கூழை வைத்திருப்பவர் விலை வரும்வரை பொறுக்கலாம். எனக்குத் தெரிந்தவரை ஏற்றுமதித் தொழிலின் எல்லாப் பேரமும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது. சின்னத் தொழிலுக்கு உதவுகிறோம் என்று வருகிறவர்கள் காத்திருக்கும் சக்தியைக் கொடுத்தால் அது உதவி. ஆர்டரை மட்டும் கொடுத்தால் அது வெறும் கொள்முதல்.

இதைக் கூழ் ஆலைக்கும் கீழே, இன்னும் சின்ன அளவில் வைத்துப் பார்ப்போம். மத்திகிரியில் ஒரு சுய உதவிக் குழு மாங்காய்த் தொக்கு போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ருசி நன்றாக இருக்கிறது, ஓசூர்க் கடைகளில் ஓடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர், “இங்க கடையில வெச்சா பிச்சுக்கிட்டுப் போகும், அக்கா, 500 பாட்டில் அனுப்புங்க” என்கிறார். அக்காவுக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகு வரும் வேலைகள் இவை: ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம், ஊறுகாய் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபீடாவின் பட்டியலில் இருக்கும் பொருள் என்பதால் அங்கே பதிவு, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திலும் பதிவு. தொக்கின் பி.ஹெச். 4.6-க்குக் கீழே இருப்பதைக் காட்ட வேண்டும். நல்லெண்ணெய் ஊற்றியிருப்பதால் எள் இருக்கிறது என்று லேபிளில் போட்டாக வேண்டும். 2023 ஜனவரி முதல் அங்கே எள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள். ஐரோப்பா என்றால் கடுகையும் போட வேண்டும். மிளகாய்த் தூளில் பூச்சிமருந்து எச்சம் உண்டா, பூஞ்சை நச்சு உண்டா என்று ஆய்வகச் சான்று வேண்டும்.

இந்த விதிகள் எதுவும் அநியாயம் இல்லை. சாப்பிடுகிறவர் உயிர் சம்பந்தப்பட்டவை. சிக்கல், ஆய்வகக் கட்டணம் சாம்பிள் ஒன்றுக்கு இவ்வளவு என்று இருப்பதில். 500 பாட்டில் அனுப்பினாலும் 50,000 பாட்டில் அனுப்பினாலும் பரிசோதனைக்கு அதே தொகை. பெரிய கம்பெனிக்கு அது பாட்டிலுக்குக் காசுக் கணக்கு. அக்காவுக்கு அது லாபம் முழுக்க.

இன்னொருவர் செய்த தப்புக்கும் சின்னவர்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும். 2020 செப்டம்பரில் இந்தியாவிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்ஸைடு என்ற கிருமிநாசினி மருந்தின் எச்சம் இருப்பதை பெல்ஜியம் கண்டுபிடித்துச் சொன்னது. அக்டோபர் கடைசியில் இருந்து, ஐரோப்பா போகும் இந்திய எள்ளில் இரண்டு லோடுக்கு ஒரு லோடு எல்லையில் சோதிக்கப்படும் என்று விதி வந்தது. அந்த மருந்தைக் கண்ணால் பார்க்காத வியாபாரியும் அதே வரிசையில் நின்றார்.

பணம் வருவது இன்னொரு கதை. உள்ளூரில் ஒரு கம்பெனி குறு, சிறு தொழிலிடம் வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. கடல் தாண்டினால் அந்தச் சட்டம் கூட வராது. பொருள் கப்பலில், பணம் வாங்குகிறவர் பையில், கந்து வட்டி மட்டும் மத்திகிரியில்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். 2020-ல் வந்த குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் தகுதியுள்ள திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்ற அதன் கணக்கில் கிருஷ்ணகிரிக்கு ஒதுக்கிய பொருளே மாம்பழம்தான். சுய உதவிக் குழு உறுப்பினருக்குத் தலா 40,000 ரூபாய் தொடக்க மூலதனமும் உண்டு. தபால் நிலையம் வழியே சின்னப் பார்சல்களை ஏற்றுமதி செய்ய 2022-ல் டாக் கர் நிர்யாத் கேந்திரா வந்தது. நல்ல வழி. ஆனால் 800 டாலருக்குக் கீழுள்ள பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா எடுத்ததும், 2025 ஆகஸ்ட் கடைசியில் அந்த நாட்டுக்குப் பார்சல் எடுப்பதை அஞ்சல் துறை நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. நவராத்திரி ஆர்டர் எல்லாம் அந்த இடைவெளியில் போயிற்று.

மானியம் பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போகிறது. இயந்திரம் கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். ஆறு மாதம் காத்திருக்கும் பணத்தைப் படம் எடுக்க முடியாது. குறுந்தொழில்கள் சாய்வது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்த் தொழிலுக்கு உதவ நினைப்பவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் நேராகவே சொல்கிறேன். ஒரே தடவை பெரிய ஆர்டர் கொடுக்காதீர்கள். சின்ன ஆர்டரை வருஷத்துக்கு நாலு தடவை கொடுங்கள். பாதிப் பணத்தை முன்னால் அனுப்புங்கள். ஃபேர்டிரேட் என்ற நியாய வணிக முறையில் உற்பத்தியாளர் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்பணம் தர வேண்டும் என்ற வழக்கம் பல பொருள்களுக்கு இருக்கிறது. சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் மளிகைக் கடை நடத்தும் நம்மவர்களால் அதைச் செய்ய முடியாதா? பரிசோதனைக் கட்டணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டு லேபிள் விதியை இங்கே இருப்பவர் இணையத்தில் தேடித் தவிக்கவிடாமல் நீங்களே எழுதி அனுப்புங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளூர்க் கடையில் ஓடாத பொருளோடு ஏற்றுமதிக்குப் போகாதீர்கள். லிஜ்ஜத் அப்பளத்தை 1959-ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கியபோது முதல் நாள் அப்பளக்கட்டுகளை வாங்கியது அக்கம்பக்கத்து வியாபாரிதான். வெளிநாடு வெகுநாள் கழித்து வந்தது.

மிச்சம் இருப்பது தனியாள் செய்ய முடியாத வேலை. தொக்கு, ராகி மாவு, புளி, மாங்காய் வற்றல் என்று தனித்தனியாகத் தவிக்கும் இருபது முப்பது குழுக்களின் சரக்கை ஒரே கண்டெய்னரில் சேர்த்து, ஒரே ஏற்றுமதியாளர் பெயரில், ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்ப ஒரு பொதுக் கிடங்கு வேண்டும். மானியத் தொகையில் ஒரு பங்கை ஆய்வகக் கட்டணத்துக்கும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டுக்கும் திருப்பிவிட வேண்டும். 1957-லிருந்து இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனம் அந்தக் காப்பீட்டைத் தருகிறது. குறுந்தொழில் செய்பவர்களில் எத்தனை பேர் காதுக்கு அந்தப் பெயர் எட்டியிருக்கிறது? கிருஷ்ணகிரியில் வருஷா வருஷம் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. அந்தப் பந்தலில் பழக் கோபுரங்களுக்குப் பக்கத்தில், உரிமம், பரிசோதனை, காப்பீடு மூன்றுக்கும் உட்கார்ந்த இடத்தில் விண்ணப்பம் எழுதித் தரும் ஒரு மேஜையை மாவட்ட நிர்வாகம் போடலாம். அந்த மேஜைக்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது. கண்காட்சி பெரும்பாலும் ஜூனில் வருகிறது; காய் இறங்குவது அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆகவே அந்த மேஜையைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது ஏப்ரலுக்குள்.