உஷார்! ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப் ஓட்டுகிறீர்களா?

ஸ்பீக்கர் வயரில் கை வைக்காதீர்கள்!

மணி பதினொன்று, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது, கிட்டார் வாசிக்கவோ ஆசை. எல்லாம் சரி. அதற்காக வால்வு ஆம்பின் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு, அதே ஜாக்கிலிருந்து மிக்ஸருக்கு ஒரு கேபிள் இழுத்து ஹெட்ஃபோனில் கேட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒரே கேபிளில் இரண்டு பெட்டிகளுக்கும் சங்கு ஊதிவிடலாம்.

இப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. நம்மில் பலர் டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்கள். அதில் பெரும்பாலானவற்றை ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிட்டாலும் ஒன்றும் ஆகாது. அதற்கு எமன் ஷார்ட் சர்க்யூட்தான். வால்வு ஆம்ப் நேர் எதிர். அதற்கு ஸ்பீக்கர் என்பது சத்தம் போடும் சாமான் மட்டுமல்ல, சுமை. சுமை இல்லாமல் அது ஓடக் கூடாது.

வால்வுகள் 400, 500 வோல்ட்டில் கொஞ்சம் கரண்டை வைத்து வேலை செய்பவை. ஸ்பீக்கருக்கு வேண்டியதோ குறைந்த வோல்ட், நிறைய கரண்ட். நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுத் தந்தியைத் தட்டினால், டிரான்ஸ்ஃபார்மரின் காயிலில் சேரும் சக்தி போக வழியில்லாமல் ஆயிரம் வோல்ட்டையும் தாண்டி எகிறி வால்வு பக்கமே திரும்பும். விசில் அடைத்துக்கொண்ட குக்கர் கதைதான். சாக்கெட்டின் பின்களுக்கு நடுவே பொறி பாயும், அந்த இடம் கரியாகும், டிரான்ஸ்ஃபார்மருக்குள் இன்சுலேஷன் பொத்துப்போகும். ஃப்யூஸோடு போனால் அதிர்ஷ்டம். டிரான்ஸ்ஃபார்மர் போனால் ஆம்பிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று போனதாக அர்த்தம். "நான் நேற்று அரை மணி நேரம் வாசித்தேனே, ஒன்றும் ஆகலையே" என்பவர்கள் உண்டு. வால்யூம் குறைவாக இருந்திருக்கும், தப்பித்திருப்பார்கள். அவ்வளவுதான்.

மிக்ஸர் அந்தச் சுமையைத் தாங்காதா? தாங்காது. ஆம்ப் எதிர்பார்ப்பது 4, 8 அல்லது 16 ஓம். மிக்ஸரின் லைன் இன்புட் பல ஆயிரம் ஓம். ஆம்பின் கண்ணுக்கு அது அறுந்த வயர். மறுபக்கம் மிக்ஸரின் பாடு இன்னும் மோசம். 50 வாட்ஸ் ஆம்ப் 8 ஓமில் தருவது 20 வோல்ட். மிக்ஸர் எதிர்பார்க்கும் லைன் அளவு ஒன்றேகால் வோல்ட்டுக்குப் பக்கம். மைக் இன்புட்டுக்கு அதுவும் கிடையாது, சில மில்லிவோல்ட்தான்.

இன்னொரு சூது. ஃபெண்டர் வகை ஆம்ப்கள் பலவற்றில் ஸ்பீக்கர் பிளக்கை உருவினால் ஜாக்கே அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். வால்வு ஆம்புக்குக் கொஞ்ச நேரம் ஷார்ட் பரவாயில்லை, திறந்து கிடப்பதுதான் விஷம் என்பதால் அந்த ஏற்பாடு. ஆனால் மிக்ஸர் கேபிளை அதே ஜாக்கில் சொருகிய நொடியில் அந்தக் காவலும் விலகிவிடும்.

மிக்ஸருக்கு முன்னால் போடும் டிஐ பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் ஸ்பீக்கர் என்று எழுதிய இன்புட் இருக்கலாம். அது சிக்னலைக் குறைத்து மிக்ஸருக்கு அனுப்பும், சுமையைத் தாங்காது. அதன் இன்னொரு ஜாக் வழியாக ஸ்பீக்கரும் மாட்டியே இருக்க வேண்டும். அப்படியானால் சத்தமும் வரும்.

சத்தமே வேண்டாம் என்றால், ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமையைத் தாங்கும் லோடு பாக்ஸ் வாங்குங்கள். பாஸ்டன் ராக் குழுவின் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் படித்த இன்ஜினியர், பவர் சோக் என்ற பெட்டியைச் செய்து விற்றதே ஆம்பின் முழு வேகத்தை ஸ்பீக்கருக்குப் போகாமல் குடித்துக்கொள்ளத்தான். இன்று கிடைக்கும் பல லோடு பாக்ஸ்களில் மிக்ஸருக்கென்றே தனி லைன் அவுட் இருக்கிறது. ஓம் கணக்கு ஆம்போடு பொருந்த வேண்டும். வாட்ஸ் ஆம்பைவிடத் தாராளமாக இருக்கட்டும். ஓவர்டிரைவில் ஆம்ப் தன்மேல் எழுதியதைவிட அதிகம் கக்கும். ஆம்புக்கும் லோடு பாக்ஸுக்கும் நடுவில் போடுவது தடித்த ஸ்பீக்கர் வயர், கிட்டார் கேபிள் அல்ல. பெட்டியைத் துணிக்கடியில் ஒளித்து வைக்காதீர்கள். 50 வாட்ஸ் என்பது 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன் இரண்டைச் சேர்த்து வைத்த சூடு.

பணம் இல்லையா? ஸ்பீக்கரைக் கழற்றாமல், மாஸ்டர் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, எஃபெக்ட்ஸ் சென்ட் ஜாக்கிலிருந்து மிக்ஸரின் லைன் இன்புட்டுக்குக் கொடுங்கள். மாஸ்டர் அந்த ஜாக்குக்குப் பின்னால் வரும் ஆம்ப்களில் இது நடக்கும். பவர் வால்வுகளின் குழைவு கிடைக்காது, அது நஷ்டம்தான். எந்த வழியில் போனாலும் ஸ்பீக்கர் சிமுலேட்டர் போட்டுக்கொள்ளுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டிவிடும். அந்த வெட்டு இல்லாத டிஸ்டார்ஷன், தகரத்தில் ஆணி கீறுவது போலத்தான் கேட்கும்.

ஆம்பையும் மிக்ஸரையும் சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரலாம். பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சியில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே ஷாக் அடித்து இறந்தார். டிஐயிலோ லோடு பாக்ஸிலோ இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும். இரைச்சலுக்கு அதைத் தட்டுங்கள்.

கேபிள் மாற்றுவதெல்லாம் பவரை அணைத்த பிறகு. இன்றிரவு ஸ்டாண்ட்பை சுவிட்சைப் போடும் முன் ஆம்புக்குப் பின்னால் ஒரு நடை போய்ப் பாருங்கள்: ஸ்பீக்கர் ஜாக்கில் சொருகியிருக்கும் வயரின் மறுமுனை எங்கே இருக்கிறது?