ஓடும்போது குடல் என்ன கேட்கிறது?

மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் யூ.டி.எம்.பி. போட்டியில், குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர் கொள்ளும் புட்டிகளைச் சுமந்தே ஆக வேண்டும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. அத்தோடு உணவையும் ஏன் சுமக்க வேண்டும்?

தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள சர்க்கரையான கிளைக்கோஜன் ஏறக்குறைய 500 கிராம்தான். விடாமல் வேகமாக ஓடினால் சில மணி நேரத்தில் வற்றிவிடும். கொழுப்பு ஏராளம், ஆனால் மெதுவாகத்தான் எரியும். ஆகவே ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டும்.

இங்கேதான் குடலின் அற்புதம். குளுக்கோஸைக் குடல்சுவருக்குள் இழுக்கும் புரதம், ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு சோடியம் அயனிகளைச் சேர்த்தே இழுக்கிறது. பின்னாலேயே தண்ணீர் போகிறது. வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இதே வழியில்தான் உயிர் காக்கிறது. அந்தப் புரதத்தால் மணிக்குச் சுமார் 60 கிராம் குளுக்கோஸையே கடத்த முடியும். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்தால் 90 கிராம் வரை ஏறும்.

ஆனால் தாகத்துக்கு மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது ஆபத்து: இரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை வீங்கலாம்.

குடலும் பழகும். அதனால் போட்டியன்று எடுத்துப்போகும் சர்க்கரை ஜெல்லையும் புட்டியையும் பயிற்சியிலேயே சுமந்து, ஓட்டத்திலேயே சாப்பிட்டுப் பாருங்கள். மார்புப் பக்கம் செருகும் மென்புட்டி நல்லது. உறிஞ்ச உறிஞ்சச் சுருங்குவதால் உள்ளே தண்ணீர் தளும்பாது.